தெரியாது என்போர்

எல்லைப்பிள்ளைச்சாவடியில்
டயர் கடைக்கு மேல் இரண்டாம் மாடி.
இங்கே இரவு பத்தரை, அங்கே மாலை ஆறு.
ஹெட்போனை மாட்டியதும் நான் கிளேர்.
சம்பளச் சீட்டில் மட்டும்
செலின் அமலோற்பவம்.

ஒரு கட்சி, அதற்குள் ஐந்து பேர்.
ஜனாதிபதித் தேர்தலில் எவரை நிறுத்துவது என்று
ஜனவரிக் கடைசியில் கட்சிக்காரர்கள் முடிவு செய்வார்களாம்.
அதுவரை நாங்கள் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும்,
வேகாத சோற்றை
நிமிடத்துக்கொரு தரம் மூடி திறந்து பார்ப்பதுபோல.

'வரும் ஞாயிறே வாக்கெடுப்பு என்றால்…'
ஒரு ராத்திரிக்கு நூறு தடவை சொல்கிறேன்.
அந்த ஞாயிறு மட்டும் வந்தபாடில்லை.

முதல் வாரம் வெர்தியே முப்பத்தொன்று.
ஏதோ டிவி விவாதத்தில் பால் விலையைத் தப்பாகச் சொன்னார்,
இருபத்துநான்கு.
உதிர்ந்த ஏழும் எங்கே போயின என்று
புருனோ சகாயம் தேடுகிறான்.
நான்கு லாக்ரோஸிடம்.
ஒன்றரை மதாம் பெசோனிடம்.
மீதி, கடைசிக் கட்டத்தில்:
தெரியாது என்போர்.

லாக்ரோஸ் மேல் புருனோ டீயும் வடையும் கட்டியிருக்கிறான்.
சூப்பர்வைசர் திருநாவுக்கரசுக்கு பிரெஞ்சு தெரியாது.
திரையில் பச்சைக் கம்பிகள் வளர்வதையும் தேய்வதையும்
மீன் தொட்டி பார்ப்பதுபோல் பார்த்திருப்பார்.

வங்கக் கடலிலும் ஒரு சின்னம்.
நேற்று மரக்காணத்தில் கரையேறும் என்றார்கள்,
இன்று காலை கடலூர்,
மத்தியானத்துக்கு மேல் 'கடலூருக்கும் புதுவைக்கும் இடையே'.
துறைமுகத்தில் ஒன்றாம் எண் கூண்டை இறக்கி
மூன்றாம் எண்ணை ஏற்றியாயிற்று.
அதுவும் யாரிடமோ போன் போட்டுக் கேட்டுத்தான்
முடிவு பண்ணுகிறது போல.

அறுபத்திரண்டில் ஆறு மாதம் தவணை தந்தார்கள்.
கையெழுத்துப் போட்டால் பிரெஞ்சுக் குடி,
போடாவிட்டால் இந்தியக் குடி.
அப்பாவின் அப்பா
'யோசித்துச் சொல்கிறேன்' என்றாராம்.
ஏழாவது மாதமும் யோசித்திருக்கிறார்.

மர்த்தேன் அக்கா வீட்டில் போட்டார்கள்.
அவளுக்கு ஓட்டு உண்டு.
யாருக்கு அக்கா என்றால்,
'எவன் நின்னா எனக்கென்னடி,
ஒண்ணாந்தேதி பென்ஷன் ஏறினா சரி.'
அவளுக்கு யாரும் போன் செய்வதில்லை.

பன்னிரண்டே முக்காலுக்கு
ரூவான் பக்கம் ஒரு கிழக்குரல் கிடைத்தது.
இரண்டாம் கேள்வியிலேயே நிறுத்தி
'அங்கே மழையா, மத்மொசேல்?' என்றது.
தகரக் கூரையில் விழுவது
அத்தனை தூரம் கேட்டிருக்கிறது.
'ஆமாம்' என்றேன்.
எந்த ஊர் மழை என்று சொல்ல அனுமதியில்லை.

'நீங்கள் யாருக்குப் போடுவீர்கள்?'

உரையாடல் பதிவாகிக்கொண்டிருந்தது.
நான்கு விநாடி மழை மட்டும் பதிவானது.
'எனக்கு எல்லாரும் ஒன்றுதான்.
உங்களுக்குப் பிடித்தவருக்கே
என்னுடையதைக் குறித்துக்கொள்ளுங்கள்' என்று
வைத்துவிட்டார்.

விதிப்படி ஒன்பதை அழுத்தவேண்டும்.
ஒன்பது: தெரியாது.
விரல் ஒன்பதின் மேல்தான் இருந்தது.
மதாம் பெசோன் பற்றி எனக்கு என்ன தெரியும்?
ஒரு படத்தில் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு
அதையே தேடுகிற மாதிரி நின்றிருந்தார்.

மூன்றை அழுத்தினேன்.

மறுநாள் சாயங்காலம் முடிவு வந்தது:
வெர்தியே இருபத்துநான்கு, லாக்ரோஸ் இருபத்திரண்டு,
பெசோன் ஒரு புள்ளி ஏறி இருபது.
ஆயிரத்து நான்கு பேரில் ஒரே ஒருவர்
ஒரு புள்ளி ஆகமாட்டார்.
எனக்குக் கணக்குத் தெரியும்.
இருந்தும் பதினேழு தடவை அந்தப் பக்கத்தைத் திறந்தேன்.

அடியில் பொடி எழுத்தில்
'பிழை வரம்பு: கூடவோ குறையவோ மூன்று விழுக்காடு.'
அதற்குள்ளே எங்கோ
செலின் அமலோற்பவம்,
வயது இருபத்தொன்பது, முத்தியால்பேட்டை,
யோசிக்காமல் போட்ட ஒரு கையெழுத்து.

சின்னம் ஆந்திரா பக்கம் போய்விட்டது.
வேலைக்கு வரும் வழியில் கூண்டை இறக்கியிருந்தார்கள்.
புருனோ கேட்டான்:
'அடுத்த வாரத்துக்கு யார் மேல கட்டலாம்?'
தெரியாது என்றேன்.
வாயில் சிரிப்பு வந்ததை
வடை என்று நினைத்துக்கொண்டான்.