மூன்றாவது விசில்

பகலெல்லாம் எண்ணெய் ஆலையில்
அழுத்தம் பார்க்கிறவன் நான்.
நான்கிலிருந்து இருபது மில்லியாம்பியர்:
ஒரு கொதிகலனின் கோபம் முழுதும் அதற்குள் அடங்கும்.
ஃபஹாஹீலில், நாலாம் மாடியில்,
என் ஒற்றையறை வீட்டுச் சமையலறையையும்
அப்படி ஆக்கிவிட நினைத்தேன்.

ஃப்ரிட்ஜ் சுலபம்.
கெட்டிலுக்கு ஒரு பிளக் போதும்;
கம்பெனி பஸ் ரவுண்டானா தாண்டும்போது தட்டினால்
பூட்ஸ் கழற்றும் நேரத்தில் வெந்நீர்.
மைக்ரோவேவ் அவனுக்குப் பெயர் கேட்டது செயலி.
தமிழிலேயே தட்டினேன்: அவன்.
“அவன் அணைந்துவிட்டது” என்று வந்த சேதியில்
திணை மயங்கிக் கிடந்தது.
இருக்கட்டும் என்று விட்டேன்.

குக்கர்தான் பிடிகொடுக்கவில்லை.
ஐந்து லிட்டர் அலுமினியம்,
வைஃபை வாசனையே படாதது,
தெரிந்த மொழி ஒன்றே ஒன்று.
சரி, உன் மொழியிலேயே பேசுவோம் என்று
மின்னடுப்புக்குப் பின்னால், டைல்ஸ் மேல்,
தீப்பெட்டி அளவு மைக் ஒட்டினேன்.
மூன்று விசில் வந்தால் அடுப்பை அணை.

ஒன்பது நாள் ஒழுங்காக வெந்தது.
பத்தாம் நாள் கொண்டைக்கடலை கல்.
பதிவைத் திறந்தால்
என் குக்கர் கூவியது ஒருமுறை.
மீதி இரண்டும்
சுவருக்கு அந்தப் பக்கம்.

நாற்பத்து மூன்றாம் எண்ணில்
யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.
விடிகாலை நாலு பத்துக்கு நான்கு விசில்.
வெள்ளி மதியம் ஏழு; இறைச்சியாக இருக்கலாம்.
சுருதி என்னுடையதைவிட அரைக்கட்டை கீழே.
கனத்த விசிலைக் கணக்கில் சேர்க்காதே என்றேன்.
எண்ண வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை.
தொழில் புத்தி,
வருகிற அளவை வீணாக்க மனம் வராது.

ஆகஸ்டில் ஒரு காலை,
ஆலை கேண்டீனில் டீ ஆறிக்கொண்டிருக்க
போன் சொன்னது: ஒன்பது.
பதினொன்று.
பதினாறு.
இருபத்திரண்டு.
அப்புறம் ஒன்றுமில்லை.

அழுத்தம் இறங்கி வரும் அமைதி ஒன்று,
தண்ணீர் வற்றி வரும் அமைதி வேறு.
ஹாரிஸ் சஅத்தை அழைத்தேன்.
என்னிடம் இருந்த அரபியில்
நாலாம் மாடியும் நெருப்பும் மட்டும் சரியாக வந்தன.
அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

தண்ணீர் லாரி ஓட்டுகிற ஜமீருல்,
இரவு மூன்று டிரிப் முடித்து,
மசூர் பருப்பை அடுப்பிலேற்றிவிட்டு
ஏசிக்குக் கீழே தரையில் தூங்கிப்போனவன்.
புகை அவனுக்கு ஒரு முழம் மேலே நின்றதாம்.

மாலையில் வந்தான், கரிந்த குக்கரோடு.
அவனிடம் பாதி இந்தி, என்னிடம் கால்.
சுவரில் ஒட்டியிருந்ததைக் காட்டினேன்.
எத்தனை நாளாக, என்றான்.
எட்டு மாதம்.
என் தூக்கமும் தெரியுமா?
விசில் மட்டும்தான்.
அதுதானே என் தூக்கம், என்று சொல்லிவிட்டு
சிரிக்காமல் நின்றான்.
எனக்கு அந்த மைக்கைப் பிடுங்கிவிடலாம் போலிருந்தது.

பிடுங்கவில்லை. மறுவாரம் அவனே கேட்டான்,
நான்கு வந்தால் என்னுடையதையும் அணைக்குமா என்று.
இன்னொரு பிளக் வாங்கினேன், காசு பாதிப் பாதி.
பெயர் கேட்டது.
ஜமீருல் என்று தட்டினேன்.

அதற்குப் பிறகும் நாங்கள் பெரிதாகப் பேசிக்கொண்டதில்லை.
லிஃப்டில் பார்த்தால் நான்கு விரல் காட்டுவான்.
நான் மூன்று.

டிசம்பரில் விடுப்பில் மைமன்சிங் போனான்.
ஆறாம் நாள் செயலி சொன்னது:
“ஜமீருல் செயலில் இல்லை. பேட்டரியைச் சரிபார்க்கவும்.”
மைக்கில் பேட்டரி பாதிக்கு மேல் இருந்தது.
இருந்தும் ஸ்டூல் போட்டு ஏறி
புதிதாக ஒன்று மாற்றினேன்.
திணையைத் திருத்தவில்லை.