இஞ்ஞாசி சாக்ஸ் துவைத்த நாள்

மண்ணடியில் எங்கள் லாட்ஜுக்கு
வெளிநாட்டார் வந்தால் சி படிவம் நிரப்பவேண்டும்.
அதற்கு நெட் வேண்டும்.
நெட்டுக்கு முதலாளி பில் கட்டவேண்டும்.
ஆகவே ‘ரூம் இல்ல’ என்பதே வழக்கம்.

அன்றைக்கு மழை.
முதுகில் இன்னொரு ஆளைச் சுமந்ததுபோல்
பையோடு சொட்டச் சொட்ட நின்றவனிடம்
வாய் வரவில்லை எனக்கு.

இக்னாசியோ. இருபத்திரண்டு. உருகுவே.
லெட்ஜரில் தமிழில் எழுதிப் பார்த்தேன்,
உருகுவே,
யாரோ யாருக்கோ வாக்குக் கொடுத்ததுபோல் இருந்தது.

நாலாம் நாள் காலை
இன்றைக்கு எதையும் பார்க்கப்போவதில்லை என்றான்.
இங்கிலீஷ் அவனுக்கும் எனக்கும்
ஒரே அளவு தெரியாது,
அதனால் நன்றாகப் புரிந்தது.

மொட்டைமாடிக் குழாயடியில்
நீல சோப்பும் ஏழு சாக்ஸுமாய் உட்கார்ந்தான்.
‘இப்டியா புழிவாங்க’ என்று பிடுங்கி
தேவகுமாரி அக்கா முறுக்கிய முறுக்கில்
மூன்று நாட்டுத் தண்ணீர் வெளியே வந்தது.

பிறகு பை.
ஜிப்புக்குப் பல் போய்விட்டது.
உள்ளே இருந்ததையெல்லாம் என் மேஜைமேல் கொட்டினான்:
நெற்றியில் கட்டும் விளக்கு, பாதி சோப்பு,
ஒரு சின்னச் சுரைக்குடுவை, உறிஞ்ச ஒரு உலோகக் குழல்.
அதில் ஏதோ இலைத்தூளைப் போட்டு
வெந்நீருக்கு டீக்கடை போனான்.
‘டீ வேணாமாம்பா, வெந்நி மட்டும் போதுமாம்’
கடைக்காரருக்கு மனசு கேட்கவில்லை.
எனக்கு ஒரு வாய் கொடுத்தான்.
கசப்பு.
காய்ச்சலில் படுத்திருந்த ஒரு மத்தியானம்
சும்மா ஞாபகம் வந்து போனது.

ஜக்கரியா பாய் பையைப் புரட்டிப் பார்த்து
‘யாரு தச்சது இத?’ என்றார்,
உருகுவேயில் இருக்கும் எவனையோ திட்டுவதுபோல.
மூணு மணிநேரம் ஆகும்,
சிவப்பு ஜிப்புதான் இருக்கு.
நீலப் பைக்குச் சிவப்பா என்று நான் கேட்டேன்.
அவன் கேட்கவில்லை.

மூணு மணிநேரத்துக்கு
ஷேர் ஆட்டோவில் காசிமேடு.
(இது அவன் சொன்னது, பாதி கையால்.)
மீன் வறுக்கும் அடைக்கலமேரி பேர் கேட்டாளாம்.
சொன்னானாம்.
‘அட, இஞ்ஞாசி! என் மச்சினன் பேரு.
அவனும் சில்லறையே வெச்சிருக்க மாட்டான்.’
ஐந்நூறு ரூபாய்த் தாளை அவள் தெருவெல்லாம் கொண்டுபோய் மாற்றிவரும்வரை
அடுப்பை இவன் பார்த்துக்கொண்டானாம்.
ரெண்டு நெத்திலி தீய்ந்துபோனது.
அதை அவன் கணக்கிலேயே சேர்த்துவிட்டாள்.

சாயங்காலம் ஆறரைக்கு அவன் அம்மா போனில்.
அங்கே காலை பத்து, வெயில் ஜன்னலில் ஏறியிருந்தது.
போனைத் திருப்பித் தெருவைக் காட்டினான்:
நகராத கன்டெய்னர் லாரி,
தண்ணீர் கேன் வண்டி,
மணலிப் பக்கக் காற்றைக் காட்ட வழியில்லை,
மூக்கைப் பிடித்துக் காட்டினான்.
கடைசியில் என்னைக் காட்டினான்.
என்ன பேசுவது என்று தெரியாமல்
‘சாப்ட்டீங்களா?’ என்றேன்.
அவர் என்னமோ நீளமாகச் சொன்னார்.
சாப்பிட்டிருப்பார்.

மாடிக்குப் போய் வந்தவன் கையில் ஆறு சாக்ஸ்.
ஏழாவதைக் காக்கா தூக்கியதை
தேவகுமாரி அக்கா பார்த்திருக்கிறாள்.
ஒற்றையாய் இருந்தது அதுதானாம்.
நல்ல காக்கா.

ராத்திரி ஒன்பதுக்கு நெட் வந்தது.
படிவத்தைத் திறந்தேன்.
வந்த நோக்கம்: சுற்றுலா.
அடுத்துச் செல்லும் இடம்?
தோளைக் குலுக்கினான்.
தெரியாது என்று போட்டால் சிஸ்டம் ஏற்காது.
நீ எங்கே போகிறாய் என்று என்னைக் கேட்டான்.
வியாசர்பாடி, என்றேன்.
பத்து மணிக்கு டூட்டி முடிகிறது.
அதையே போடு என்றான்.
எழுத்துக்கூட்டி அடித்துத் தட்டிவிட்டேன்.

திரையில் ஒரு வட்டம்
சுற்றிக்கொண்டே இருந்தது.
ஸ்டூலை இழுத்துப் போட்டு
அவனும் உட்கார்ந்து அதைப் பார்த்தான்.