கேள்வி எண் பதினேழு

ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் தண்ணீர் குடிப்பீர்கள்?

பூமயில் அக்கா வாருபலகையை ஊன்றி நிற்கிறார்.
வாலிநோக்கம் உப்பளத்தில் பங்குனி வெயில்
மேலிருந்தும் அடிக்கிறது, கீழிருந்தும்.
பறக்கப் பார்த்த என் படிவத்தின் மேல்
ஓர் உப்புக்கட்டியை எடுத்து வைக்கிறார்.

சிறுநீரகத்தில் கல். இரண்டாம் தடவை.

"நெறையத் தண்ணி குடிக்கணும்னாரு டாக்டரு.
குடம் பன்னெண்டு ரூவா. அதக்கூட விடு.
சுத்திப் பாரு புள்ள,
ஒரு உடமரம் தெரியுதா?
கணக்கரு, லாரிக்காரங்க, அங்கிட்டு ரோட்டுல பஸ்ஸு.
குடிச்சா எங்க போயி ஒதுங்க?
வேல முடிஞ்சுதான் தொண்டைய நனைக்கிறது."

படிவத்தில் மூன்று கட்டங்கள்:
பழக்கமின்மை. விழிப்புணர்வின்மை. தாகமின்மை.
நாலாவதை நானே பேனாவால் வரைந்தேன்,
கோணலாக.
மறுநாள் துறையில் கணினி அதை ஏற்கவில்லை.
'மற்றவை' என்று போட்டால் போதும் என்றார் வழிகாட்டி.
ஓரத்தில் உப்புப் பூத்த தாள்
விரலில் பிசுபிசுத்தது.

அன்று பேருந்து
சாயல்குடி தாண்டும்போதுதான்
பையில் பாட்டில் கனப்பது உறைத்தது.
விடியலில் நிரப்பிய மட்டம், அப்படியே.
பத்து மணிநேரம்.
யாரும் சொல்லவில்லை,
நானாகவேதான்
குடிக்காமல் இருந்திருக்கிறேன்.