வருகையின் நோக்கம்

பொல்கொட வாவிக்கரையில்
மூன்று அறை, ஒரு படகுத்துறை,
இரவொன்றுக்கு இருபத்தெட்டாயிரம்.
படத்தில் தண்ணீர் அசையவில்லை.
துறையின் நுனியில் இரண்டு கதிரைகள்.
நாங்கள் ஐந்து பேர்.

"கதிரை கூட இருக்குமா எண்டு கேளும்"
என்கிறார் கேதாரன்,
பாணுக்குள் சம்பலை மடித்தபடி.
கடற்கரை ரயில் வருகிறது.
யன்னல் கண்ணாடி நடுங்கி ஓயும்வரை
பதிலை வாயில் வைத்திருக்கிறேன்.
பதினொரு வருசமாய் எங்கள் குடித்தனப் பேச்செல்லாம்
ரயில்களுக்கு இடையில்தான்.

தங்கை வசீகரி கொட்டாஞ்சேனையிலிருந்து
மூன்று நிமிடக் குரல் அனுப்பியிருக்கிறாள்:
காஸ் இருக்குமா, அவையின்ர சட்டியில மீன் காய்ச்சலாமா,
நுளம்புத்திரி காணாது, வலை கொண்டு போவம்,
முதலை இருக்காம், பிள்ளையளுக்குச் சொல்லிப்போடாத.
பிள்ளைகள் என் தோளில் தொங்கிக்கொண்டுதான்
அதைக் கேட்டார்கள்.
இப்போது அவர்கள் வருவதே முதலைக்காக.

கொப்பியின் கடைசிப் பக்கத்தில்
இரண்டு இரவு, ஐம்பத்தாறு.
வானுக்குப் பத்து.
இறால் வாங்கினால் ஒன்று, வாங்காவிட்டால் வேறொன்று.
போயாவோடு சேர்ந்த சனி ஞாயிறு
இனி எப்போது வருமோ என்று
கேதாரனின் புதுக் கண்ணாடியை
அடுத்த மாதத்துக்குத் தள்ளினேன்.
"மங்கலாத் தெரிஞ்சாலும் வாவி வாவிதானே" என்றார்.

வீட்டுக்காரி திருமதி ஜயக்கொடி
தொலைபேசியில், சிங்களத்தில், எடுத்த எடுப்பிலேயே சொன்னார்:
அமைதியான இடம். ஒன்பதுக்குப் பிறகு பாட்டு வேண்டாம்.
சுற்றிவர ஓய்வுபெற்றவர்கள்.
அவர்களில் ஒருவர்
காலையும் மாலையும் கொக்குகளை எண்ணுகிறாராம்.

எங்களிடம் பாட்டு இல்லை.
ஆனால் கேதாரனின் தும்மல் இருக்கிறது.
இரண்டாம் மாடியில் அவர் தும்மினால்
கீழே சலூனிலிருந்து "நூறு!" என்று குரல் வரும்,
சவர அலகை ஒரு கணம் நிறுத்தி.
அந்தக் கொக்குகளை நினைத்தேன்.
சொல்லாமல் விட்டேன்.

பிறகு படிவம் வந்தது.
பெயர்கள். அடையாள அட்டை இலக்கங்கள்.
நிரந்தர முகவரி.
எங்கிருந்து வருகிறீர்கள்.
எத்தனை நாள் தங்குவீர்கள்.
வருகையின் நோக்கம்.

விரல் நின்றுவிட்டது.
இந்தக் கேள்விகளை எனக்குத் தெரியும்,
இதே வரிசையில்.
பத்தொன்பது வயதில், இதே வெள்ளவத்தையில்,
லொட்ஜ் நடையில், விடியப்புறம் இரண்டு மணிக்கு,
நைட்டிக்கு மேல் துவாயைப் போர்த்துக்கொண்டு
டோர்ச் வெளிச்சத்தைப் பார்த்துச் சொன்னேன்:
படிப்பு.
நீட்டிய கல்லூரிக் கடிதத்தைத்
தலைகீழாய்ப் பிடித்து வாசித்தார்கள்.
நெடுநேரம் வாசித்தார்கள்.

கேதாரன் எட்டிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.
அவரிடமும் ஒரு இரவு இருக்கிறது.
ரயில்களுக்கு இடையில் அது அடங்காது.

திருமதி ஜயக்கொடிக்கு இது ஒன்றும் தெரியாது.
எத்தனை கட்டிலுக்கு விரிப்பு விரிப்பது
என்பதுதான் அவருடைய கவலை.
படிவத்தின் கீழே
சின்னதாய் ஒரு அல்லிப்பூ வைத்திருந்தார்.

பெயர்களை எழுதினேன்.
பழைய அட்டையின் ஒன்பது இலக்கத்தையும்
பார்க்காமலே எழுதினேன்.
நோக்கம் என்ற இடத்தில்
விடுமுறை என்று போட்டு, அழித்தேன்.
அதுவும் ஏதோ
அனுமதி கேட்பதுபோல் இருந்தது.
பிறகு தமிழில்,
சும்மா, என்று எழுதி
மனம் மாறுவதற்குள் அனுப்பினேன்.

ஒரு ரயில் போயிற்று.
அப்படியென்றால் என்ன என்று கேட்டிருந்தார்.
நிக்கங் என்று எழுதினேன், அவருடைய மொழியில்.
சிரித்த முகமொன்று வந்தது.
அதன் பின்னால் வங்கிக் கணக்கிலக்கம்.

முற்பணம் கட்டியாயிற்று.
வலை வாங்க வேண்டும்.
கதிரைகளைப் பற்றி
இன்னும் கேட்கவில்லை.