ஏழு மணிக்கு இங்கே

ஜெலுத்தோங், பதினான்காம் மாடி.
தீபாவளிக்கு முதல் நாள்.
அதிரசம் திரும்பிப் படுக்கிற நேரம்
தெரியாத நம்பர் ஒன்று.
கையெல்லாம் மாவு. ஸ்பீக்கரில் போட்டேன்.
"நான் குணசீலன். பாகான்லருந்து."

அடுப்பைக் குறைத்தேன்.

மூன்று வருஷத்துக்கு முன் சுடலையில்
அப்பாவின் மூக்கோடு தூணோரம் நின்றவன்.
யாரென்று எவரும் கேட்கவில்லை.
மூக்கு இருந்தது, போதும்.

"அக்கா" என்றான்
(கண்ணாடி முன் சொல்லிப் பழகியிருப்பான்,
தடுக்காமல் வந்தது)
"அப்பாவுக்கு எத்தன மணிக்குப் படைக்கிறீங்க?
நாங்களும் இன்னிக்குத்தான்.
ஒரே நேரத்துல வச்சிட்டா
அவரு எங்கன்னு போவாரு?"

இருபத்தேழு வருஷம் பெர்ரியில் கயிறு கட்டியவர்.
இங்கே அவிழ்த்து அங்கே கட்டி
அங்கே அவிழ்த்து இங்கே கட்டி.
நைட் ஷிஃப்ட் என்பார்.
நைட் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்
சவரம் பண்ணி, தலைக்கு எண்ணெய் வைத்து வருவார்.

அம்மா அதிரசத்தை
இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து
எண்ணெய் வடியும்வரை அழுத்தினாள்.
வடிந்த பிறகும் அழுத்தினாள்.

"ஏழு மணின்னு சொல்லு.
அங்க எட்டரைக்கு வைக்கச் சொல்லு.
பெர்ரி உடனே கெடைக்காது."

அப்புறம்,
"என்ன வைக்கிறாங்களாம்?"

"கருவாட்டுக் கொழம்பு, அக்கா. கத்திரிக்கா போட்டு.
அதுன்னா அவருக்கு உசுரு."

கருவாடா.
நாத்தம் என்று ஒருநாள் சட்டியோடு தூக்கி
காரிடாரில் வைத்த மனுஷன்.
அன்றிலிருந்து இந்த வீட்டில் அது அடுப்பேறியதில்லை.
அம்மா சிரித்தாளா மூக்கை உறிஞ்சினாளா,
முதுகுதான் தெரிந்தது.

சாயங்காலம் இலை போட்டோம்.
அவித்த முட்டை, முறுக்கு, வடை, கோழி வறுவல்,
மூடி திறந்த ஸ்டவுட், ஒரு சிகரெட்,
தாம்பாளத்தில் புதுக் கைலி.
வைத்த ஆட்டுக்கறியில் ஒரு கரண்டியை எடுத்து
சட்டியிலேயே திருப்பிப் போட்டாள் அம்மா.
"வயித்துல எடம் இருக்கட்டும்."

சாம்பிராணி காட்டி, கதவைச் சாத்திவிட்டு
காரிடாரில் வந்து நின்றோம்.
கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த் விளக்குகள்.
எது அவன் வீட்டு விளக்கு என்று
நான் பார்த்த மாதிரி அம்மாவும் பார்த்திருப்பாள்.
இரண்டு பேரும் மழை வருமா என்று பேசிக்கொண்டோம்.

லிஃப்டிலிருந்து வந்த ஊய் அங்கிள்
சாத்திய கதவைத் தாடையால் காட்டி
"மாக்கான்?" என்று கேட்டார்.
தலையாட்டினேன்.
தன் வீட்டு இரும்புக் கிரில்லைச்
சத்தம் வராமல் தூக்கித் திறந்தார்.
ஏழாம் மாதம் அவர் வீட்டிலும் விருந்தாளிகள்.

மூன்று தட்டுத் தட்டி உள்ளே போனோம்.
ஸ்டவுட்டில் நுரை அடங்கியிருந்தது.
எந்த நுரையும் அடங்கும்தான்.
கற்பூரம் காட்டினோம், சாப்பிட்டோம்.
எட்டுப் பத்துக்கு அம்மா கடிகாரத்தைப் பார்த்து
"ஏறியிருப்பாரு" என்றாள், யாரிடமோ.

அப்போதுதான் கவனித்தேன்.
கைலியில் விலைச்சீட்டு அப்படியே தொங்குகிறது.
முப்பத்தெட்டு வெள்ளி தொண்ணூறு காசு.
"ஐயோ, கிழிக்க மறந்துட்டேன்மா.
இதோடயேவா போயிருப்பாரு?"

அம்மா இலையை மடித்தாள்.
"இருக்கட்டும்" என்றாள்.
"அவ பாக்கட்டும்."