ஏழாம் எண் அறை

பதிவேட்டில் 'வந்த நோக்கம்' என்ற கட்டத்தில்
எல்லாரும் சுற்றுலா என்று எழுதுவார்கள்.
ஏழாம் எண் அறைக்காரர்
'சாலமாண்டர்' என்று எழுதினார்.
ஏதோ ஊர் என்று நினைத்துக்கொண்டேன்.

படம் காட்டினார்.
பல்லியின் உடம்பு, தவளையின் தோல்.
செதில் கிடையாது, நகம் கிடையாது.
மழையில் விட்டுவிட்டுப் போன
ரப்பர் பொம்மை மாதிரி ஒரு முகம்.
ஏற்காட்டில் பதினோரு வருடம் சார்,
இதைக் கண்டதில்லை என்றேன்.
'இங்கே இல்லைதான்' என்றார்,
சாவியை வாங்கிக்கொண்டே.
இல்லாததைத் தேடி
இருபது கொண்டை ஊசி ஏறி வந்தவருக்கு
வெந்நீர் எத்தனை மணிக்கு வரும் என்று
எந்தக் குரலில் சொல்வது?

ஐப்பசியின் கடைசி வாரம்.
மூடுபனி வரவேற்பறைவரை வந்து
சோபாவில் உட்கார்ந்திருந்தது.

மறுநாள் காலை ஏழில் சத்தம்.
ஓடினேன்.
குளியலறை வாசலில் துண்டோடு அவர்,
எதிரே பினாயில் பாட்டிலோடு இருசாயி.
உள்ளே, கோப்பையின் கைப்பிடியில்
கட்டைவிரல் அளவு ஒரு தவளை,
இவர்கள் யாரையும் கவனிக்காமல்.

'ஊத்தாதீங்கம்மா, அது தோலாலயும்
மூச்சு விடும், செத்துப்போகும்.'

இருசாயி பாட்டிலைக் கீழே வைத்தாள்.
இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.
விரலிடுக்கெல்லாம் வெளுத்து
உரிந்து கிடந்தது.
'எனக்கும் தோலுதான் சார்.
ஒருத்தரும் ஊத்தாதேன்னு சொன்னதில்ல.'

அவர் ஒன்றும் பேசவில்லை.
நானும்தான்.
தவளை மட்டும் தொண்டையை
ஒருமுறை உப்பி அடக்கியது.

அன்று இரவு அவளேதான் வந்து கூப்பிட்டாள்.
தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால்,
வழியும் குழாய்க்குக் கீழே,
சில்வர் ஓக் இலை மக்கிக் கிடக்கும் மூலை.
தீபாவளிப் பட்டாசுக் கட்டின்
சிவப்புத் தாளை டார்ச்சில் கட்டினார் அவர்:
கண் கூசக்கூடாதாம்.
தொட்டால் தொட்டித் தண்ணீரில் நனைத்த கையால் மட்டும்,
சோப்பு வாசம் ஆகாதாம்,
தொடாமலிருந்தால் இன்னும் நல்லதாம்.
இருசாயி கேட்டுவிட்டுச் சிரித்தாள்.
குச்சியால் கல்லின் தூர விளிம்பை நெம்பித்
தன் பக்கம் சாய்த்தாள்.
தேள் இருந்தால் அந்தப் பக்கம் ஓடட்டும் என்று.

ஒரு கல்லடியில் மண்புழு.
ஒரு கல்லடியில் யாரோ தொலைத்த சீப்பு.
மூன்றாவதில் ஒரு அரணை,
வாலை உடம்போடு ஒட்டிக்கொண்டு தூங்கியது.
'அரணை நக்கினா மரணம்' என்று பின்வாங்கினேன்.
'நாக்கு நீட்டினா நீ நிப்பியா' என்றாள் இருசாயி.
சாலமாண்டரின் படத்தை எடுத்து
அவர் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.
செதில் ஒவ்வொன்றிலும் சிவப்பு விளக்கு
சின்னச் சின்னதாய் எரிவதைப்
பார்த்துக்கொண்டே குந்தியிருந்தார்,
அட்டை கணுக்காலில் ஏறும்வரை.

கிளம்பும்போது ஒரு காரியம் செய்தார்கள்.
புரட்டிய கல் ஒவ்வொன்றையும்
அதே பள்ளத்தில், அதே பக்கம் கீழாக.
அரணையின் கல்லை மட்டும்
அதன்மேல் நேராக வைக்காமல்,
பக்கத்தில் இறக்கி வைத்து ஓரத்தில் வழி விட்டாள்.
அது தானாக உள்ளே போனது.

அவர் மூன்றாம் நாள் காலி செய்தார்.
பில்லில் தள்ளுபடி கேட்கவில்லை.
நான் ஸ்டோர் பட்டியலில்
'ரப்பர் கையுறை இரண்டு ஜோடி' என்று எழுதினேன்.
முதலாளி கோடு போட்டு அடித்தார்.
அடுத்த வாரமும் எழுதினேன்.
அதற்கடுத்த வாரம் ஒரு ஜோடி வந்தது,
பெரிய சைஸ்.

இப்போது ஏழில்
திருச்செங்கோட்டிலிருந்து புதுசாய்க் கல்யாணமானவர்கள்.
நேற்று நடுராத்திரி போன் அடித்தது.
பாத்ரூமில் ஏதோ கத்துகிறதாம்.
ஆமாம் சார், மழை.
தொடாதீங்க, ஜன்னலைத் திறந்து வச்சுட்டு
லைட்டை அணைங்க, போயிடும்.
கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சில்லை.
கத்தலை மட்டும் கேட்டேன்.
'அது பேர் என்னங்க?' என்றாள் அந்தப் பெண்.

தெரியலைம்மா.
காலையில் இருசாயி வருவா,
கேட்டுச் சொல்றேன்.