உறை மட்டும்

மாதிரி எண் நானூற்றுப் பதினேழு.
மர வாத்துகள் ஆறு, மஞ்சள்.
அவை ஏற்கெனவே தேறிவிட்டன.
வேறொரு மேசையில், வேறொரு வாரத்தில்,
செயற்கை எச்சிலில் ஊறிக் கிடந்து
வாயில் வைத்தாலும் பாதகமில்லை என்று
கையெழுத்து வாங்கிக்கொண்டு போயின.

எனக்கு வந்தது பை.

ஜிப் வைத்தது, கைப்பிடி வைத்தது,
உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பை.
முன்பக்கம் ஒரு சூரியன் சிரிக்கிறது.
அதன் மஞ்சளை நான் நம்பவில்லை.
பன்னிரண்டு வருடமாக எந்த மஞ்சளையும் நம்புவதில்லை,
வீட்டுச் சமையலறையைக்கூட
வெள்ளையாகவே விட்டு வைத்திருக்கிறேன்.

ஜிப்பை இழுத்ததும்
புது மழைக்கோட்டின் வாசம்.
உல்திஸ் குனிந்து முகர்ந்து
"நல்லாத்தானே இருக்கு" என்றான்.
மூக்கு சாட்சி சொல்லலாம்,
தீர்ப்பு எழுத முடியாது.

செம்புக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி
பையின் ஓரத்தைத் தொட்டேன்.
கடுகளவு உருகி ஒட்டிக்கொண்டது.
திரும்பவும் சுடரில் காட்டினேன்.

பச்சை.

மார்ச் பிறந்தும் வசந்தம் வராத ரீகாவில்
இந்த வருடம் நான் பார்த்த முதல் பச்சை அதுதான்.
சன்னலுக்கு வெளியே தௌகவா உறைந்து கிடந்தது.
பனிமேல் மடக்கு நாற்காலி போட்டு
துளைக்குள் தூண்டில் விட்டு ஒருவன் உட்கார்ந்திருந்தான்.
எங்கள் இருவருக்கும் ஒரே உத்தியோகம்:
மூடிக்கிடப்பதில் ஓட்டை போட்டு
கீழே என்ன இருக்கிறதென்று காத்திருப்பது.

பிறகு கத்தரிக்கோல்.
சூரியனை இரண்டு மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்கினேன்,
கன்னம், கதிர், சிரிப்பு எல்லாம் கலந்துபோக.
கரைப்பானில் போட்டுக் குலுக்கி
இயந்திரத்திடம் கொடுத்தேன்.
பதினெட்டாம் நிமிடம் வரை தட்டைக் கோடு.
அப்புறம் ஒன்று எழுந்து நின்றது,
பெயர் கூப்பிட்டதும் எழும் பிள்ளை மாதிரி:
உள்ளேன் ஐயா.

எடையில் நூற்றுக்கு இருபத்தொன்று.
பிளாஸ்டிக்கை இளக வைக்கும் எண்ணெய்.
மஞ்சள் மையில் ஈயம், கொஞ்சம்.
கொஞ்சம் என்று எழுதக் கூடாது,
எண்ணைத்தான் எழுத வேண்டும். எழுதினேன்.
அகம் சுத்தம். முகத்தில்தான் கோளாறு.

படிவத்தில் ஒரு கட்டம் மிச்சம்.
பொருளின் வகை: விளையாட்டுப் பொருள் / உறை.
ஒன்றை மட்டும் குறிக்கவும்.

இறக்குமதியாளர் ஸ்குயின்ஷ்
தொலைபேசியில் தேனாகப் பேசினார்.
"மேடம், அது உறை மட்டும்தானே.
வாத்தை எடுத்த கையோடு குப்பைக்குப் போகிறது.
குப்பையை வைத்துக்கொண்டு யார் விளையாடப் போகிறார்கள்?"

யார்.

போன கிறிஸ்துமஸுக்கு மதாராவுக்கு ஒரு ரயில் வாங்கினேன்,
சான்றிதழை இரண்டு முறை படித்துவிட்டு.
அரை மணி நேரம் ஓடியது.
பிறகு அவள் அதன் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.
மூன்று நாள் சாப்பாடு, தூக்கம், அழுகை எல்லாம் அதில்தான்.
பெட்டியின் கண்ணாடித் தாளில்
முகத்தை அழுத்தி, மீன் மாதிரி வாயைத் திறந்து
எனக்கு முத்தம் கொடுத்தாள்.
சப்பிச் சப்பி ஒரு மூலை கூழாகிவிட்டது.
நான் படம் எடுத்தேன்.
அக்காவுக்கு, உல்திஸுக்கு, எல்லோருக்கும் அனுப்பினேன்.
மஞ்சளை நம்பாத எனக்கு
அப்போது உறைக்கவில்லை.

"அறிக்கை வியாழக்கிழமை வரும்" என்றேன்.
அவர் நன்றி சொன்னார், அதையும் தேனாகவே.

வெட்டாமல் வைத்திருந்த இரண்டாவது பையை எடுத்தேன்.
ஸ்கேலை வைத்தேன்.
கையுறையைக் கழற்றினேன்.

வகை: விளையாட்டுப் பொருள்.
குறிப்பு: கைப்பிடியின் உள் அகலம் நான்கரை சென்டிமீட்டர்.
சோதித்தவரின் கை
அதற்குள் நுழையவில்லை.